நாய்க்கு வாயுத் தொல்லை: காரணம் கண்டுபிடித்துக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த நாயும் எப்போதாவது குசு விடும். அது நோயல்ல. ஆனால் தினமும் நாற்றம் தாங்காமல் வளவை விட்டு நாம் எழுந்து போக வேண்டியிருக்கிறது, வயிறு கடமுடவென்று உருளுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கிறது, மலமும் இளகிவிட்டது என்றால் அதன் குடலுக்கு ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் காவலுக்கு வளர்க்கும் நாட்டு நாயானாலும், ஆசைக்கு வளர்க்கும் பக், லாப்ரடார் ஆனாலும் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டைத்தான் தின்கின்றன. அந்தச் சாப்பாட்டையும் அதைத் தின்கிற விதத்தையும் ஒழுங்குபடுத்தினாலே பல நாய்களுக்கு மூன்று, நான்கு வாரத்தில் தொல்லை அடங்கிவிடும். மருந்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இது வெறும் வாயுதானா? முதலில் பாருங்கள்

வாயு பின்பக்கம் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தால் அவசரம் இல்லை. வெளியேறாமல் இரைப்பையில் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். மேலே ஏப்பமாகவும் போகாது, கீழேயும் இறங்காது. இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் ரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரத்தில் நாய் இறந்துபோகலாம்.

அடையாளங்கள் இவை: வாந்தி எடுக்க முயலும், நுரையும் எச்சிலும் தவிர ஒன்றும் வராது. விலா எலும்புக்குப் பின்னால் வயிறு உப்பி, தட்டினால் மத்தளம் போலச் சத்தம் கேட்கும். படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நடக்கும். எச்சில் ஒழுகும். ஈறு வெளுத்துப்போகும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் போல மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் உடல்வாகும் இதே மாதிரிதான் என்பதால் அவற்றை வளர்ப்பவர்களும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இந்த அடையாளங்கள் தெரிந்தால் தண்ணீர் புகட்டாதீர்கள், சோடா கொடுக்காதீர்கள், வயிற்றை அமுக்கித் தேய்க்காதீர்கள். டாக்டருக்குப் போன் செய்துகொண்டே வண்டியில் ஏற்றுங்கள். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் காப்பாற்றும். ஆகவே உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில், இரவு நேரத்தில் நாய்க்கு அறுவை செய்யும் டாக்டர் இருக்கிறார் என்பதை இன்றைக்கே விசாரித்து, எண்ணை அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். நடு ராத்திரியில் விசாரிக்க நேரம் இருக்காது.

வாயு இரண்டு வழியில் சேர்கிறது

ஒன்று, விழுங்கிய காற்று. அவசர அவசரமாக விழுங்கும் நாயும், பக், புல்டாக், ஷிட்ஸூ போல மூக்கு அமுங்கிய நாயும் சாப்பாட்டோடு நிறையக் காற்றையும் விழுங்கும். இதில் ஒரு பகுதி ஏப்பமாகவே போய்விடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வரும். நாற்றம் அதிகம் இருக்காது.

இன்னொன்று பெருங்குடலில் உண்டாவது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வந்த மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கின்றன. இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சில நாய்களில் மீத்தேன் உண்டாகும். இவற்றுக்கு வாசனை கிடையாது. மூக்கைப் பொத்த வைப்பது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள். மொத்த வாயுவில் இவை நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. முட்டை, கறி, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் இவற்றில் கந்தகம் அதிகம். அதனால்தான் வாயு கொஞ்சமாக வந்தாலும் சில நாட்களில் நாற்றம் கடுமையாக இருக்கிறது.

இந்த வேறுபாடு உங்களுக்கு உடனே பயன்படும். சாப்பிட்டு அரை மணிக்குள் ஏப்பமும் நாற்றமில்லாத வாயுவும் என்றால் சாப்பிடும் வேகத்தைக் குறைக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து நாற்றத்தோடு வந்தால் சாப்பாட்டையே மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

படி 1: ஏழு நாள் நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, கயிற்றில் கட்டிய பேனா ஒன்று, நாயின் தட்டு இருக்கும் இடத்துக்கு மேலே ஆணியில் தொங்கட்டும். நேரம், கொடுத்த பொருள், அளவு, கொடுத்தவர் என்று நான்கு கட்டம். அளவை டம்ளர், கரண்டிக் கணக்கில் எழுதினால் போதும். அடுத்த பக்கத்தில் வாயு எப்போது, நாற்றம் உண்டா இல்லையா, மலம் எந்தப் பதம் என்று குறியுங்கள். எடுத்தால் தரையில் ஒட்டாமல், வடிவம் கலையாமல் வருவது நல்ல மலம். களிப் பதம் என்றால் கவனிக்க வேண்டும், கஞ்சிப் பதம் என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

கொடுத்தவர் பெயர் எதற்கு என்று கேட்கலாம். பெரிய வீட்டில் நாய்க்குத் தட்டில் வைப்பவர் ஒருவர், கையால் ஊட்டுபவர்கள் ஏழெட்டுப் பேர். காலையில் அப்பத்தா தன் இட்லியில் பாதி, பத்து மணிக்கு ஐயா பாலில் நனைத்த பிஸ்கட், மதியம் வேலைக்கு வரும் அம்மா ரசஞ்சோறு, சாயந்தரம் பிள்ளைகள் தேன்குழல். யாரையும் குற்றம் சொல்லாமல், எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரக் கணக்கைப் பார்த்தாலே பாதி விடை அந்தப் பக்கங்களில் இருக்கும்.

மாடு இருக்கிற வீடானால் கழனித் தொட்டியையும் பாருங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் புளித்துக் கிடக்கும் தொட்டியில் நாய் வாய் வைத்தால் வாயு நிச்சயம். மாட்டுக்கு ஏற்றது நாயின் குடலுக்கு ஆகாது. தொட்டிக்குப் பலகை போட்டு மூடுங்கள். குப்பைக் கூடைக்கும் இதே விதிதான்.

படி 2: எவற்றை நிறுத்த வேண்டும், ஏன்

பருப்பு, பயறு வகை. பருப்புச் சாதம், சாம்பார், சுண்டல், கும்மாயம் எல்லாம் இதில் அடக்கம். பருப்பில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி நாயின் சிறுகுடலில் கிடையாது, நமக்கும் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் இந்தச் சர்க்கரை கணிசமாகக் குறையும், முழுக்கப் போகாது. புளித்த மாவில் இது குறைந்திருப்பதால் வெறும் இட்லி ஒரு துண்டு பல நாய்களுக்கு ஒத்துப்போகிறது. சட்னி, பொடி வேண்டாம்.

பால். குட்டி தாய்ப்பாலை மறந்த பிறகு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே வரும். வளர்ந்த நாய்க்கு ஒரு டம்ளர் பாலே வாயுவும் பேதியும் உண்டாக்கலாம். பால் பணியாரம், பாயசம், பால்கோவா எல்லாம் இதே கணக்கு. நன்றாகத் தோய்ந்த தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் அதைச் சில நாய்கள் தாங்கும். படி 3இல் வரும் பதினான்கு நாள் சோதனைக் காலத்தில் தயிரும் வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குழம்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வாயுவை விடப் பெரிய ஆபத்து இருக்கிறது. செட்டிநாட்டுக் கறிக்குழம்பின் உடலே சின்ன வெங்காயமும் பூண்டும்தான். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனால் பாதிப்பு தெரியவரும். 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் பாதிப்பு சேரும். வேகவைத்தாலும் வதக்கினாலும் இந்த நச்சு அழியாது. குழம்பில் வெங்காயம் கரைந்துபோயிருப்பதால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கிறோம் என்பதும் உதவாது. பாதிப்பு அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், நாய் மூச்சு வாங்கும். அப்படிக் கண்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். மிளகாயும் மசாலாவும் குடலை எரிச்சல்படுத்துவது தனி.

கொழுப்பு. ஆட்டுக்கறி நறுக்கும்போது கழிக்கிற கொழுப்பை நாய்க்குப் போடுவது வழக்கம். ஒரேயடியாகப் போகிற கொழுப்பு முழுதாகச் செரிக்காது. பேதியும் நாற்ற வாயுவும் வரும். சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும்: விடாத வாந்தி, முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்பது இதன் அடையாளம். இதற்கும் உடனே டாக்டர் வேண்டும்.

பழைய சோறு. சுடச் சுட வடித்த சோற்றின் மாவுச்சத்து எளிதில் செரிக்கும். அதே சோறு ஆறிக் குளிர்ந்தால் அதில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறி, பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். பிரிட்ஜில் வைத்த சோற்றுக்கும் இது பொருந்தும். சித்திரை, வைகாசி வெயிலில் அது கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்புண்டு. நாய்க்கு அன்றன்று வடித்த சோறுதான் நல்லது. தவிடு நீக்காத கவுனி அரிசியும் சோதனைக் காலத்தில் வேண்டாம்.

முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், பீன்ஸ், பலாப்பழம், தேங்காய் இவற்றையும் நிறுத்துங்கள். வாயுவோடு சம்பந்தமில்லாவிட்டாலும் இரண்டை எப்போதுமே கொடுக்கக் கூடாது. பாயசத்திலும் லட்டிலும் கிடக்கிற உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

படி 3: பதினான்கு நாள் எளிய சாப்பாடு

குடலுக்கு ஓய்வு கொடுக்க எளிதில் செரிக்கும் மாவுச்சத்து ஒன்று, கொழுப்பில்லாத கறி ஒன்று, கொஞ்சம் காய். இவ்வளவுதான்.

வேலை அதிகமில்லாத, வளர்ந்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு: வேகவைத்த, தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி 200 கிராம், குழைய வடித்த பச்சரிசிச் சோறு 200 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 50 கிராம். இது ஏறத்தாழ 600 கலோரி. 200 கிராம் சோற்றுக்கு அரிசி 70 முதல் 75 கிராம் போதும். கோழி வெந்தால் சுருங்கும் என்பதால் பச்சையாக 260, 270 கிராம் வாங்குங்கள்.

வேறு எடைக்கு அப்படியே இரட்டிப்பாக்காதீர்கள். எடை கூடக் கூட ஒரு கிலோவுக்குத் தேவைப்படும் சக்தி குறையும். 5 கிலோ நாய்க்குக் கறி 120, சோறு 120. 20 கிலோவுக்கு 340, 340. 30 கிலோவுக்கு 450, 450. காயை 5 கிலோவுக்கு 30 கிராம், பெரிய நாய்க்கு 80 முதல் 110 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டாக இருக்கும் நாய்க்கு மொத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம்.

செய்முறை: கறியை சிறு துண்டாக்கி, முங்குகிற அளவு தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, எண்ணெய் எதுவும் வேண்டாம். வெந்த தண்ணீர் ஆறியதும் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, மீதியை சோற்றில் பிசையலாம். சோறு விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்தில் இருக்க வேண்டும். அரைவேக்காட்டு அரிசி மலத்தில் அப்படியே வந்து விழும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வையுங்கள்.

கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு முள் நீக்கிய மீனோ கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறியோ வைக்கலாம். ஆனால் 14 நாளும் ஒரே கறியாக இருக்க வேண்டும். இன்று கோழி, நாளை மீன் என்று போனால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தச் சாப்பாட்டில் கால்சியமும் சில சத்துகளும் போதாது. அதனால் டாக்டரைக் கேட்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது; படி 5க்குப் போகும்போதும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வளரும் குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் நாய், சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ உள்ள நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில் மாற்றம் தெரியும். மூன்றாம் நாளே ஒன்றும் குறையவில்லை என்று கைவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முன்பு தின்றதெல்லாம் வெளியேறி, குடல் பாக்டீரியாக்கள் புதுச் சாப்பாட்டுக்குப் பழக நாளாகும். இன்னொரு தவறு, யாரோ ஒருவர் பாவப்பட்டு ரகசியமாக ஒரு கவளம் வைப்பது. நோட்டில் எழுதாத அந்தக் கவளம் பதினான்கு நாள் உழைப்பையும் கெடுத்துவிடும். கையால் ஏதாவது கொடுத்தால்தான் மனசு ஆறும் என்பவர்களுக்காக, அன்றைய அளவிலிருந்தே ஒரு கைப்பிடி வேகவைத்த கறியை எடுத்து ஒரு கிண்ணத்தில் தனியே வைத்துவிடுங்கள். எல்லோரும் அதிலிருந்து மட்டும் கொடுக்கட்டும்.

படி 4: சாப்பிடும் வேகத்தைக் குறைப்பது

தட்டு வைத்து ஒரு நிமிடத்துக்குள் காலி என்றால் நாய் மெல்லவில்லை, காற்றோடு சேர்த்து விழுங்குகிறது. கடையில் உள்ளே மேடு பள்ளமாக இருக்கும் ஸ்லோ ஃபீடர் தட்டு கிடைக்கும். வாங்கத் தேவையில்லை. நம் வீடுகளில் பழைய குழிப்பணியாரக் கல் ஒன்று சும்மா கிடக்கும், அதுவே போதும். ஏழு குழியிலும் சாப்பாட்டைப் பிரித்துப் போட்டுக் குழியோடு சமமாக அழுத்திவிடுங்கள். ஒவ்வொரு குழியாக நக்கித்தான் எடுக்க முடியும். துரு இருந்தால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுங்கள். உள்பூச்சு உரிந்த நான்ஸ்டிக் கல் வேண்டாம், உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போகும். பெரிய நாய்க்கு ஒரு கல் போதாது, விளிம்புள்ள அகலத் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும். தாம்பாளத்துக்கு அடியில் ஈரச் சாக்கு போட்டால் நகராது.

இரண்டு நாய் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். அடுத்தது பிடுங்கிவிடும் என்ற பயத்தில்தான் பல நாய்கள் அள்ளி விழுங்குகின்றன. ஒன்றுக்கு முகப்பில், ஒன்றுக்கு இரண்டாங்கட்டில், நடுக் கதவைச் சாத்திவிட்டு வையுங்கள். இது ஒன்றாலேயே வேகம் குறைந்துவிடுவதும் உண்டு.

ராத்திரி ஒரே வேளை பெரிய சாப்பாடு என்ற வழக்கத்தை விட்டு, அதே அளவை இரண்டாக, முடிந்தால் மூன்றாகப் பிரியுங்கள். ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்பதும் வேகமாகத் தின்பதும் இரைப்பை முறுக்குக்கும் காரணங்கள். தட்டைத் தரையில் வையுங்கள். கழுத்துக்கு இதம் என்று பெரிய நாய்களுக்கு உயரத்தில் தட்டு வைப்பார்கள். பெரிய இன நாய்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், 2000ஆம் ஆண்டு வெளியானது, உயரத் தட்டில் தின்னும் நாய்களுக்கு முறுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம், குதி, பந்து விளையாட்டு வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், அதைக் கட்டுப்படுத்தக் கூடாது.

கட்டியே கிடக்கும் நாய்க்குக் குடல் அசைவு மந்தமாகும். காலை ஏழு மணிக்குள்ளும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் 20, 30 நிமிடம் சும்மா நடத்திக் கூட்டிப்போனால் வாயு தெருவிலேயே பிரிந்துவிடும், மலமும் இறங்கும்.

படி 5: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது

14 நாளில் வாயு அடங்கினால், காரணம் சாப்பாட்டில்தான் இருந்தது என்று தெரிந்துபோயிற்று. எந்தப் பொருள் என்று இனித்தான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைச் சேர்த்து, அதை ஐந்து நாள் பாருங்கள். 10 கிலோ நாய்க்கு ஒரு மேசைக்கரண்டி போதும். வரிசை இப்படி இருக்கட்டும்: வேகவைத்த முட்டை, கேழ்வரகுக் களி, தயிர், இட்லி. முட்டையில் மட்டும் நாற்றம் திரும்பினால் முட்டையை நிறுத்தி, மூன்று நாள் படி 3இன் எளிய சாப்பாட்டுக்கே திரும்பி, அப்புறம் அடுத்த பொருளுக்கு வாருங்கள். வெங்காயமும் பூண்டும் போட்ட எதுவும் இந்தப் பட்டியலுக்கு எப்போதும் வராது.

நிரந்தரமாக வீட்டுச் சாப்பாடே கொடுப்பதாக இருந்தால், சேர்க்க வேண்டிய கால்சியத்தையும் மற்ற சத்துகளையும் நாயின் எடை சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

பாக்கெட் தீனிக்கு மாறுவதானால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். முதல் நான்கைந்துக்குள் சோயா, பட்டாணி, கொண்டைக்கடலை இருந்தால் அந்த நாய்க்கு அது ஏற்றதல்ல. மாற்றும்போது அவசரம் கூடாது. நாளொன்றுக்கு 200 கிராம் தீனி தின்னும் நாய் என்றால் முதல் இரண்டு நாள் புதியது 50, பழையது 150. மூன்று, நான்காம் நாள் 100, 100. ஐந்திலிருந்து ஏழு வரை 150, 50. எட்டாம் நாள் முழுக்கப் புதியது. இளகிய மலம் வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். வெட்டித் திறந்த பையை இறுக மூடாமல் வைத்தால் இந்த வெக்கையில் கொழுப்பு சிக்குப்பிடித்துவிடும். அதுவும் வயிற்றைக் கெடுக்கும். மூடி இறுகும் டப்பாவுக்குள் பையோடு வைத்து, ஒரு மாதத்தில் தீரும் அளவு பையாக வாங்குங்கள்.

சாப்பாடு மாற்றியும் அடங்காவிட்டால்

அடுத்த சந்தேகம் பூச்சி. கொக்கிப்புழு, உருளைப்புழு, ஜியார்டியா என்ற நுண்ணுயிர் எல்லாம் செரிமானத்தைக் கெடுத்து வாயு உண்டாக்கும். ஊருணியிலும் தேங்கிய குட்டையிலும் தண்ணீர் குடிக்கும் நாய்க்கு ஜியார்டியா தொற்ற வாய்ப்பு அதிகம். மலத்தை டாக்டரிடம் கொண்டுபோகும்போது அன்றைக்கே போனதில் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு, மண் ஒட்டாத மேல்பகுதியை எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் போட்டு, தேதி எழுதுங்கள். ஜியார்டியா தினமும் மலத்தில் வெளிவராது. ஒரு தடவை இல்லை என்று வந்தாலும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என மூன்று முறை பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். சாதாரணப் பூச்சி மாத்திரை ஒரு வேளை போடுவதால் அது போகாது, அதற்கு வேறு சிகிச்சை.

பூச்சி மருந்து குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒரு தடவை, அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மருந்தளவு எடைக் கணக்கு. நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும். குத்துமதிப்பாகப் போட்டால் பூச்சி முழுக்கச் சாகாது.

நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகிறது, மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, அளவுக்கு அதிகமாகப் போகிறது என்றால் கணைய நொதி சுரக்காத நோயாக இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டில் இது அதிகம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாப்பாட்டோடு நொதிப் பொடி கலந்து கொடுத்தால் நாய் தேறும். வாயுவோடு தோல் அரிப்பும் காதுச் சீழும் மாறி மாறி வந்தால் உணவு ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். அதற்குப் பதினான்கு நாள் போதாது, இதுவரை தின்றே இராத கறி ஒன்றை மட்டும் வைத்து எட்டு வாரம் பார்க்க வேண்டும். உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் முடியாத மேல் பரிசோதனைக்கு, புதுக்கோட்டை தாண்டி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கி, நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்தும் கை வைத்தியமும்

ஈனோ, சோடா உப்பு கொடுக்கவே கூடாது. அது வயிற்று அமிலத்தோடு சேர்ந்து மேலும் வாயு உண்டாக்கும். இரைப்பை ஏற்கெனவே உப்பியிருந்தால் நிலைமை மோசமாகும். ஓம வாட்டர், கிரைப் வாட்டர், பெருங்காயத் தண்ணீர் எல்லாம் நம் வயிற்றுக்குச் செய்தவை. நாய்க்கு இவ்வளவு என்ற அளவு யாரும் வகுக்கவில்லை. புகட்டும்போது மூச்சுக்குழாயில் ஏறும் ஆபத்தும் உண்டு. வயிற்று வலி என்று நினைத்து பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் கொடுத்து நாயை இழந்த வீடுகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

சிமெதிகோன் காற்றுக் குமிழிகளை உடைக்கும் மருந்து. டாக்டர் எடை பார்த்து அளவு சொன்னால் கொடுக்கலாம். மருந்தாகப் பயன்படும் செயலூட்டிய கரி, யூக்கா செடிச் சாறு, துத்தநாக அசிடேட் மூன்றையும் சேர்த்து நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. நாற்றம் நன்றாகக் குறைந்தது, வாயு வெளியேறுவது குறையவில்லை. அதாவது இவை மூக்குக்கு நிம்மதி தரும், காரணத்தைத் தீர்க்காது. கரி மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும் என்பதால், வேறு மாத்திரை தின்னும் நாய்க்கு டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நாய்களுக்கென்றே வரும் புரோபயாட்டிக் பொடி, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா கலந்த பொடி, சில நாய்களுக்கு உதவுகிறது. குறைந்தது இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள், அதே சமயத்தில் சாப்பாட்டை மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

விசேஷ நாட்கள்

கல்யாணம், சாந்தி, படைப்பு, செவ்வாய்ப் பொங்கல் என்று வீடு நிறைந்திருக்கும் நாட்களில்தான் மூன்று மாதம் கட்டிக்காத்த ஒழுங்கு குலைகிறது. காலையில் பந்தி தொடங்குமுன் நாய்க்கு அதன் சாப்பாட்டை வைத்து முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாய் இலைக்குப் பின்னால் அலையாது. பிறகு பின்கட்டில் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் கட்டி, கதவைச் சாத்துங்கள். எச்சில் இலைக் கூடையை நாய் எட்டாத உயரத்தில் வைத்து, பந்திக்குப் பந்தி வெளியேற்றச் சொல்லுங்கள். சமையல்காரரிடமும் பரிமாறுபவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மிஞ்சிய கறி, எலும்பு, பாயசம் எதுவும் பின்கட்டுக்குப் போகக் கூடாது. அப்படியும் ஏதாவது தின்றுவிட்டால் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுங்கள். தின்றதில் உலர்ந்த திராட்சை இருந்தாலோ, வெங்காயம் மேலே சொன்ன அளவை நெருங்கியிருந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மற்றபடி அடுத்த வேளை வழக்கத்தில் பாதி அளவு, வெறும் சோறும் வேகவைத்த கறியும் மட்டும் வைத்து, இரண்டு நாள் மலத்தையும் ஈறின் நிறத்தையும் பாருங்கள்.